வீடியோ அழைப்பின் நடுவே அணைந்துபோகும் மடிக்கணினி: மதர்போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். என் மடிக்கணினிக்கு நான்கு வயதாகிறது. 8 ஜிபி ரேம், விண்டோஸ். எக்செல், மின்னஞ்சல், யூடியூப் எல்லாம் நாள் முழுக்கச் சிக்கலின்றி ஓடுகின்றன. பிற்பகலில் ஜெர்மனி பையருடன் வீடியோ அழைப்பில் அமர்ந்தால் மட்டும் 15, 20 நிமிடத்தில் ஃபேன் இரைந்து, திரை கறுத்து அணைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஆன் ஆகிறது. சென்ற மாதம், ஏதோ அப்டேட் ஆன பிறகு, இரண்டு முறை நீலத்திரையும் வந்தது. சாம்பிளைக் காட்ட வசதியாகக் கட்டிங் டேபிள் பக்கத்தில் துணிப் பண்டல் மேல் கணினியை வைத்துப் பேசுவேன். கடையில், "மதர்போர்டு போயிருச்சுங்க, 14,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அன்று, இரண்டு. அவ்விரண்டுமே மதர்போர்டைச் சுட்டவில்லை.

யூடியூபில் நன்றாக ஓடும் கணினி வீடியோ அழைப்பில் மட்டும் விழுவது பலருக்குப் புதிராக இருக்கிறது. யூடியூப் பார்க்கும்போது கணினி செய்வது, சுருக்கி அனுப்பப்பட்ட படத்தை விரித்துக் காட்டும் ஒரே வேலைதான். அதையும் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதி அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும். வீடியோ அழைப்பிலோ, உங்கள் கேமராவின் படத்தை அந்தந்த நொடியே சுருக்கி அனுப்ப வேண்டும், எதிரில் உள்ள நான்கைந்து பேரின் படங்களைத் தனித்தனியே விரிக்க வேண்டும், மைக்கில் விழும் தையல் மெஷின் இரைச்சலை வடிகட்ட வேண்டும், பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டிருந்தால் ஒவ்வொரு படத்திலும் உங்கள் உருவத்தைத் தனியே வெட்டியெடுக்கவும் வேண்டும். புராசசர், கிராபிக்ஸ், வைஃபை, கேமரா ஆகிய எல்லாம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் உழைக்கும் வேலை, அலுவலகக் கணினி ஒன்றுக்கு அன்றாடத்தில் இது ஒன்றுதான்.

இனி, அணைந்த விதத்தைக் கவனியுங்கள். எச்சரிக்கை எதுவுமின்றி விளக்கை அணைத்தாற்போல் திரை கறுத்தால், காரணம் பெரும்பாலும் வெப்பமாகவோ மின்சாரமாகவோ இருக்கும். நீலத்திரை வந்தால், விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. அங்கே டிரைவர் மென்பொருளையோ (கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) ரேமையோ சந்தேகிக்கலாம். அழைப்புச் செயலி மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடினால் அது செயலியின் குறை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியில் அழைப்பு அறுந்தால், அணைந்தது மோடம்தான், கணினி அன்று. இதையும் "சிஸ்டம் கிராஷ்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

விண்டோஸ் இவற்றைக் குறித்து வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதில் சிஸ்டம் பகுதிக்குச் சென்றால், ஒவ்வொரு முறை அணைந்த பிறகும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றுபோனது என்பதே அதன் பொருள். பலர் நினைப்பதுபோல அது நோயின் பெயர் இல்லை. அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்றொரு வரி உண்டு. அங்கே 0 என்றிருந்தால் நீலத்திரை வர நேரமின்றியே கணினி அணைந்திருக்கிறது (உறைந்துபோன கணினியை நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் 0 தான் வரும்). 278 என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்றிருக்கிறது. 26 ரேமின் பக்கமும், 292 வன்பொருளின் பக்கமும் கை காட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கறுத்து அணைந்த நாட்களில் 0-வும், நீலத்திரை வந்த இரு நாட்களில் 278-உம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். வேறு எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அணைந்தபின் ஐந்து நிமிடம் ஆறினால்தான் மீண்டும் எழுகிறது என்று நீங்கள் எழுதியதுதான் மிக முக்கியமான தடயம். மடிக்கணினிப் புராசசர்கள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ் அளவே உச்சவரம்பு. அதை நெருங்கும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால், வெந்துபோகாமலிருக்க ஒரேயடியாக அணைந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்பில் பேசிப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு, மூன்று கிகாஹெர்ட்ஸில் இருந்த வேகம் பத்தாவது நிமிடத்தில் ஒன்றுக்குக் கீழே சரிந்தால் வெப்பம்தான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதி. வெப்பநிலையையே எண்ணாகப் பார்க்க எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் போதும்.

வெப்பம் ஏன் வெளியேறவில்லை என்பதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. மடிக்கணினி தன் அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, ஓரத்துத் தகடுகள் வழியே சூட்டைத் தள்ளுகிறது. நீங்கள் அதைத் துணிப் பண்டலின் மேல் வைக்கிறீர்கள். மிருதுவான பின்னல் துணி அமிழ்ந்து அடித்துளைகளை அடைத்துவிடும். மிச்சமுள்ள இடுக்கு வழியே போகும் காற்றிலும் கட்டிங் டேபிளின் பஞ்சுத்தூசி கலந்திருக்கும். வீட்டுத் தூசி பொடியாகப் படியும். பஞ்சோ இழையாகச் சேர்ந்து, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல ஒரு படலமாகப் படியும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும், ஏனெனில் அடைப்பு உட்புறத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளிலிருந்து வந்த கணினிகளில், ஃபேனைக் கழற்றியதும் அந்தப் படலம் விரலால் உரித்தெடுக்கக்கூடிய ஒரே துண்டாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் காலை பத்து மணி என்பது அங்கே கோடை நேரம் நடப்பில் உள்ள மாதங்களில் நமக்குப் பிற்பகல் ஒன்றரை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுத்தம் செய்வதில் ஒரு கடுமையான எச்சரிக்கை. கம்பெனியில் மெஷின்களின் பஞ்சை ஊதும் கம்ப்ரசர் கன்னை எடுத்துக் கணினியில் அடிக்க வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெய்த் துளியும் கலந்திருக்கும். அதன் அழுத்தமோ ஃபேனை அது தாங்கும் வேகத்துக்கு மேல் சுழற்றி பேரிங்கைக் கெடுக்கும். படலமும் வெளியே வராமல் உள்ளே இன்னும் இறுகும். அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்து, பஞ்சைச் சிறு பிரஷ்ஷாலும் இடுக்கியாலும் எடுப்பதே முறை. புராசசரின் சூட்டை வாங்கிக் கடத்தும் உலோகப் பாகமான ஹீட்சிங்கையும் தூக்கினால், இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தப் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியது வைத்தே தீர வேண்டும். பழக்கமில்லாதவர் இதைக் கடையில் கொடுத்து, தன் கண் முன்னால் செய்யச் சொல்வது நல்லது. திறக்கும்போது பேட்டரி உப்பியிருந்தால் (டச்பேட் மேலெழும்பியிருப்பது அதன் அடையாளம்) அதை அமுக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது. உடனே மாற்ற வேண்டும்.

நீலத்திரை தனிக் கதை. அது ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வந்ததாகச் சொல்கிறீர்கள். 278-உம் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் தேர்ந்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் (முந்தைய டிரைவருக்கே திரும்புதல்) கொடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். அழைப்புச் செயலியில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை (பட வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைக்கும்படி பலரும் சொல்வார்கள்; டிரைவர் கோளாறா என்று சோதிக்க அது உதவும், ஆனால் சுமை முழுவதும் புராசசர் மேல் விழுவதால் உங்கள் கணினி இன்னும் விரைவில் சூடேறும். ஆகவே பஞ்சை எடுத்த பிறகே அதைச் செய்து பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போகும்.

அடுத்த வாரமே பையர் அழைப்பு இருக்குமானால், அதுவரை கணினியைக் கட்டிங் டேபிளை விட்டு விலக்கி, கெட்டியான மேசையில், பின்புறத்தை இரண்டு நூல்கோன் கொண்டு உயர்த்தி வையுங்கள். பின்னணி மங்கலாக்கத்தையும் எச்டி படத்தையும் அணைத்துவிட்டு, பேசுபவரின் முகம் மட்டும் தெரியும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். சாம்பிள் காட்டும் வேலையைக் கைபேசியிடம் விடலாம்: அதே அழைப்பில் கைபேசியையும் இணைத்து, அதன் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டால் ஊளைச் சத்தம் வராது, தையலும் சாயமும் மடிக்கணினிக் கேமராவைவிடத் தெளிவாகத் தெரியும்.

பஞ்சை எடுத்து, பேஸ்ட் வைத்து, டிரைவரைச் சரிசெய்த பின் ஒரு மணி நேரச் சோதனை அழைப்பை அதே பிற்பகலில் நடத்துங்கள். அப்போதும் வெப்பம் 95-ஐத் தாண்டி அணைந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது ஃபேன்; அதன் விலை மதர்போர்டு விலையில் சிறு பங்குதான். வெப்பம் 80-க்குள் இருந்தும் திரை கறுத்தால், சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஒருமுறையும், வேறொரு அசல் சார்ஜரில் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். இவை அனைத்தும் தவறிய பிறகே மதர்போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அன்றைக்கும் ஆர்டர் ஷீட்டுகளையும் டெக்பேக்குகளையும் (ஆடையின் தயாரிப்பு விவரக் கோப்புகள்) நகலெடுத்து வைத்துக்கொண்டு, பக்செக்கோட் எண்களையும் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.