ராத்திரி முழுக்க ஏசி: வேன் கூரை சோலார் போதுமா?

கேள்வி: டெம்போ டிராவலரை கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். கூரையில் 540 வாட் பேனல் இரண்டு. வீட்டில் இருந்த 150 ஏஹெச் டியூபுலர் (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் லெட்-ஆசிட் வகை) பேட்டரி இரண்டு. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. மூன்றாவது பேனல் போடலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். கோளாறு பேட்டரியில். கணக்குப்படி அதில் 3.6 யூனிட் இருக்கிறது. ஆனால் டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஏசி இழுக்கும் 40 ஆம்பியரில் அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது.

ஏசி முதல் முக்கால் மணி நேரம் 1,000 வாட் வரை இழுக்கும். 26 டிகிரியில் வைத்து, உள்ளே குளிர்ந்த பிறகு 400 வாட்டுக்கு இறங்கும். எட்டு மணி நேரத்துக்கு இன்வெர்ட்டர் இழப்போடு சேர்த்து நாலு யூனிட் ஆகும். 25.6 வோல்ட், 200 ஏஹெச் லித்தியம் பெர்ரோ பாஸ்பேட் பேட்டரியில் 5.1 யூனிட் உண்டு, அது தாங்கும். மாற்றும்போது சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) ‘ஈக்வலைஸ்’ (லெட்-ஆசிட் பேட்டரிக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) வசதியை அணைத்துவிட்டு, சார்ஜ் வோல்டேஜை 28.4-க்கு வையுங்கள். பழைய டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டால் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) அடிக்கடி கட் ஆகும்.

படுக்கை வசமாகக் கிடந்து சூடேறும் பேனல்கள் 1,080 வாட் தரவே தராது. உச்சி வெயிலில் 750, 800. நல்ல நாளில் மொத்தம் நாலு, நாலரை யூனிட். அதாவது ஒரு ராத்திரிக்குச் சரியாக இருக்கும். பகலிலும் ஏசி போட்டால் ராத்திரி வியர்வைதான். மர நிழலில் நிறுத்தினால் வேன் குளிரும், பேனல் படுத்துவிடும். இரண்டும் ஒருசேர நடக்காது. அதனால் கூரைக்கு உள்பக்கம் இன்சுலேஷன், பேனலுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி. இவை மூன்றாவது பேனலைவிடப் பிரயோஜனம்.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 25 சதுர மி.மீ. செம்பு வயர், பேட்டரியை ஒட்டியே 100 ஆம்பியர் ஃபியூஸ். வண்டிக் குலுக்கலில் லக் (வயர் முனையில் போல்ட் போட்டு இறுக்கும் உலோக வளையம்) தளர்ந்தால் அந்த இடம் சூடாகி வயர் உறை உருகும். மாதம் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதேபோல இரண்டு பேனல், சீரிஸ் இணைப்பு, 100 வோல்ட் வரை தாங்கும் எம்பிபிடி (ஒரு வகை சார்ஜ் கன்ட்ரோலர்). சமவெளியில் ஓடியது, ஊட்டியில் விடிகாலையில் செத்துவிட்டது. ஏன்? (வாசகி, ஈரோடு)

பதில்: குளிர்தான். 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதபோது வரும் வோல்டேஜ்) சுமார் 49.5, இரண்டுக்கும் 99. அது 25 டிகிரியில் அளந்தது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் கால் சதவீதத்துக்கு மேல் ஏறும். 5 டிகிரியில் 104 ஆகி, கன்ட்ரோலரின் 100 வோல்ட் வரம்பைத் தாண்டிவிடும். 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.