வாங்கும்முன் கேளுங்கள்: இந்த முறை பழைய கார்கள்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார் பற்றியவை. அதனால் வாஷிங் மெஷின், மெத்தை, செல்போன் எல்லாம் அடுத்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். காரின் நிறத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் தயவு பார்க்காமல் வெட்டிவிட்டேன்.

கேள்வி: கையில் உள்ள பணத்துக்குப் பதினைந்து வயதுக் கார்தான் கிடைக்கும். கடன் போட்டால் புதிது எடுக்கலாம். "பழசு எடுத்தால் மெக்கானிக்குக்குத்தான் சம்பாதிப்பாய்" என்கிறார்கள் நண்பர்கள். எது புத்திசாலித்தனம்?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. பழைய கார் செலவு வைக்கும். புதிய காரும் வைக்கும். ஆனால் அந்தச் செலவுக்கு யாரும் பில் எழுதித் தருவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. ஷோரூம் வாசலைத் தாண்டியதிலிருந்தே அதன் விலை இறங்க ஆரம்பிக்கிறது. ஐந்து வருடத்துக்குள் பாதி விலைக்கு வந்துவிடும் கார்கள் ஏராளம். அதற்கு மேல் கடன் வட்டி. அதற்கும் மேல், சொந்தக் காருக்கு ஆகும் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழு இன்ஷூரன்ஸ். கடன் கொடுப்பவர் பெரும்பாலும் அதை எடுக்காமல் விடமாட்டார்.

பதினைந்து வயதுக் காரில் வட்டி இல்லை. பெரிய விலைச் சரிவை முதல் ஓனரே சுமந்து முடித்துவிட்டார். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் போதுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நன்றாக வைத்துக்கொண்டால், சில வருடம் ஓட்டிவிட்டு விற்கும்போது பெரிய நஷ்டமும் இருக்காது.

ஆனால் ஒன்று. தவணை மாதாமாதம் தேதி தவறாமல் வரும். மெக்கானிக் பில் அப்படி இல்லை, நமக்கு வசதியில்லாத மாதமாகப் பார்த்து மொத்தமாக வரும். பழைய காரில் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு மாதத்தில்தான். ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, பிரேக் என்று முதல் சில மாதங்களிலேயே ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அப்புறம், கட்டாமல் தப்பித்த தவணையில் ஒரு பகுதியை மாதாமாதம் அதே உண்டியலில் போட்டு வாருங்கள்.

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் ரப்பரில் உள்ள என்ஜின் என்றால், அதை மாற்றியதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டி வளைத்துவிடும். பெல்ட்டோடு முடிய வேண்டிய செலவு என்ஜின் வரை போய்விடும்.

கேள்வி: பத்து வருடப் பழைய பெரிய சொகுசுக் கார் ஒன்று, புதிய சின்னக் காரின் பாதி விலைக்கு வருகிறது. எடுத்துவிடவா?

பதில்: வேண்டாம். இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களுக்கு அந்தக் கார் பழசாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள ஒன்றை நான் வைத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் முன்பக்கம் இடது சக்கரத்தின் மேல் சாய்ந்து படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் முனகி முனகித் தூக்கி நிறுத்தும். ஒரு நாள் முனகலும் நின்றது. பை ஒன்றுக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும் காரையே விற்றுவிட்டேன், வாங்கியதில் பாதிக்கு.

கேள்வி: ஒரே ஓனர், பத்து வருடக் கார், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார்கள். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். சர்வீசுக்கு விட்டபோது பழைய பதிவைப் பார்த்துச் சொல்கிறார்கள், நான்கு வருடத்துக்கு முன்பே அது 1,12,000 ஓடியிருக்கிறதாம். விற்றவர் "எனக்கும் தெரியாது, நானும் அப்படித்தான் வாங்கினேன்" என்கிறார். வீட்டில் என்னை ஏமாளி என்கிறார்கள்.

பதில்: வீட்டில் உள்ளவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைக்க ஒரு சின்னக் கருவியும் கொஞ்ச நேரமும் போதும். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. நீங்கள் ஏமாளி இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மீட்டரைத் திருத்தி விற்பது பல நாடுகளில் குற்றம்.

முதலில் அந்த சர்வீஸ் பதிவின் நகலை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரம், விற்றவர் அனுப்பிய மெசேஜ், பணம் கொடுத்த அத்தாட்சி எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு, கெடு வைத்து, எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசிப் பயனில்லை. தனக்குத் தெரியாது என்பவர், அவருக்கு விற்றவர் யார் என்று எழுதித் தரட்டும். ஒரே ஓனர் என்று சொல்லி விற்றவர் இன்னொருவரிடம் வாங்கினேன் என்கிறாரே, அந்த ஒரு வாக்கியமே உங்கள் பக்கம் பேசும். மசியாவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்புக்கோ போலீசுக்கோ போங்கள். அதுவரை காரில் பெரிய வேலை எதுவும் பார்க்காதீர்கள்.

இனி வருவது உங்களுக்கு அல்ல, எல்லோருக்கும். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எத்தனை ஓடியிருக்கு?" என்பதுதான். ஆயில் எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா, எங்கே நிறுத்தி வைத்திருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு எண்ணை வைத்து விலை பேசுகிறோம். திருடனும் அந்த ஒரே எண்ணைத்தான் திருத்துகிறான். சர்வீஸ் பில் கட்டு ஒன்றுக்கு நாம் கூடுதல் விலை கொடுக்க ஆரம்பித்தால் மீட்டர் திருத்துகிறவன் பிழைப்பு பாதியாகிவிடும்.

அந்த எண்ணாவது உண்மையைச் சொல்கிறதா என்றால் அதுவும் இல்லை. வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர், அதுவும் பக்கத்துத் தெரு வரை மட்டுமே ஓடிய காரில் என்ஜின் ஆயில் சரியாகச் சூடாகியே இருக்காது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகாது. ரப்பர் சீல்கள் காயும். பிரேக் ஆயில், கார் சும்மா நின்றாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நாலு சதவிகிதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அது 155 வரை இறங்க இடமுண்டு. ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்த ஆயில் கொதித்து, பெடல் கால் வைத்த இடத்தில் அமுங்கிப் போகும். மீட்டரோ அப்போதும் 38,000 என்றுதான் காட்டும்.

இர்வ் கார்டன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1966-ல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013-ல் அதே காரில் முப்பது லட்சம் மைலைத் தொட்டார், சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். தினம் நெடுந்தூரம் ஓடி, வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய கார் அது. நம் ஆட்கள் அதன் மீட்டரைப் பார்த்திருந்தால் "ரொம்ப ஓடிப்போச்சு சார்" என்று திரும்பியிருப்பார்கள்.

எண்ணைச் சரிபார்க்க வேண்டுமென்றால் குனிந்து பிரேக் பெடலைப் பாருங்கள். 38,000 ஓடிய காரில் பெடல் ரப்பரின் வரிகள் தொட்டால் தெரியும். வழுவழுவென்று ஒரு ஓரம் தேய்ந்திருந்தால் அது வேறு கதை. பத்து வயதுக் காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் வேறு கதைதான். ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க ஓரமும் ஸ்டீயரிங்கில் கை படும் இடமும் இதையே சொல்லும்.

கேள்வி: மாலை இருட்டும் நேரம், மழை வேறு. "இன்னொரு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறது" என்றார் புரோக்கர். என்ஜினை முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிட நேரமில்லை, பணம் கொடுத்துவிட்டேன். இப்போது வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த இன்னொரு பார்ட்டி இன்னும் வரவில்லை, கவனித்தீர்களா?

மழையில் நனைந்த பெயின்டில் பட்டி பார்த்த இடம் தெரியாது. சூடான என்ஜினில் காலை நேரத்துப் புகையும் சத்தமும் தெரியாது. இரண்டையும் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். நாற்காலி வாங்கும்போது உட்கார்ந்து பார்க்கிறோம், கார் வாங்க ஒரு பகல் காத்திருக்க முடியவில்லை.

சரி, ஆனது ஆகிவிட்டது. காரை ஓட்டாதீர்கள். சூடு ஏறியும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருக்கும். இப்போது நிறுத்தினால் கேஸ்கட்டோடு முடியலாம். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளையும். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் அதையும் காட்டுங்கள். புரோக்கர் என்ஜினைப் பற்றி எழுத்தில் ஏதாவது உறுதி கொடுத்திருந்தால் அவரையும் கேளுங்கள். வாய்வார்த்தை மட்டும் என்றால் கஷ்டம்.

கேள்வி: வாங்கப்போகும் காரில் டயர் பட்டன் நிறைய இருக்கிறது. மாற்ற வேண்டாம் அல்லவா?

பதில்: டயரின் பக்கவாட்டில் DOT (டாட்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3612 என்றால் 2012-ன் 36-வது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டனைப் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

கேள்வி: எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. நல்ல கார்தானே?

பதில்: சாவியைத் திருப்பியதும் எரிந்து, பிறகு அணைந்ததா? அப்படியானால் நல்லது. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால், பிழைப் பதிவு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், காரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் நின்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் பதிவை அழித்திருக்கலாம், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவு காரின் மதிப்பைவிட அதிகம் என்கிறார் மெக்கானிக். இத்தனைக்கும் கார் மற்றபடி நன்றாக இருக்கிறது. தள்ளிவிடவா?

பதில்: ரிப்பேர் செலவை உங்கள் காரின் மதிப்போடு ஒப்பிடுவது எல்லோரும் செய்யும் கணக்கு, எனக்குப் புரியாத கணக்கு. நீங்கள் காரை விற்கப்போவதில்லையே, ஓட்டப்போகிறீர்கள். இந்தப் பணத்துக்கு வெளியே என்ன கார் கிடைக்கும் என்று பாருங்கள். கிடைப்பது இன்னொருவர் தள்ளிவிட்ட கார். அதன் கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரைப் பற்றி எல்லாம் தெரியும். ரிப்பேர் செய்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றால், அந்தச் செலவை இருபத்துநான்கால் வகுத்து, புதுக் காரின் மாதத் தவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துரு மட்டும் விதிவிலக்கு. கதவின் அடியில் துரு என்றால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலும் அடிச்சட்டத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்தக் காரில் கியர்பாக்சுக்குச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் கணவர் இருபது வயதுக் காரை விற்க மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதி நாள் பானட்டுக்குள் தலை. அதில் அப்படி என்ன சுகம்?

பதில்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அம்மா. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் உள்ளே எல்லாம் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் இறங்குகிறது. ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் இருந்தால் என்ஜினே தன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடும். இந்த வசதிக்காகவே நானும் ஒரு பழசை வைத்திருக்கிறேன். ஏசியைக் கூட்ட சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம், திருகு எங்கே என்று கைக்குத் தெரியும். நிறுத்திய இடத்தில் யாராவது கதவில் கோடு போட்டுவிட்டுப் போனால் தூக்கம் கெடாது.

விற்காமல் இருப்பதில் காசு நியாயமும் உண்டு. அவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் காருக்கு அதற்கேற்ற விலை வராது. வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால் சராசரிக் காருக்கான விலையைத்தான் தருவார். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதைத்தான் விளக்கினார், 2001-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வழுக்கும்போது காரைத் தானே நேர்ப்படுத்தும் வசதி கார்களில் வந்தது 1995 வாக்கில், அதுவும் விலையுயர்ந்த கார்களில்தான். உங்கள் வீட்டுக் காரில் அது இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். மழையில் நிதானம் வேண்டும், டயரிலும் பிரேக்கிலும் சிக்கனம் கூடாது.

கேள்வி: என் கார் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை வருகிறது. கெட்டியான ஆயில் ஊற்றிவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: கொஞ்ச நாளைக்குத் தெரியாது. அப்புறம் அவர் எனக்குக் கடிதம் எழுதுவார், நான் அவர் பக்கம்தான் நிற்பேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை என்றால் அனேகமாக வால்வ் சீல், அதாவது வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். பல என்ஜின்களில் ஹெட்டைக்கூட இறக்காமல் அதை மாற்றலாம். மாற்றிவிட்டு, பில்லைக் காட்டி நல்ல விலைக்கே விற்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை என்றால் அனேகமாக பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் பிஸ்டன் ரிங். அப்போது குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, இரண்டையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.