வகை தெரியாத கோப்பை சர்வர் என்னவென்று சொல்லி அனுப்ப வேண்டும்?

வலைத்தள சர்வர் உலாவிக்கு அனுப்பும் கோப்போடு அது என்ன வகை என்ற முத்திரையும் போகும். அந்த வகைகளை அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை நிறுவும்போது கூடவே வரும் அமைப்புக் கோப்பில் டிஃபால்ட் வகை, அதாவது வகை தெரியாத கோப்புக்குக் கொடுக்கும் முத்திரை, ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்று இருக்கிறது. ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்’ (வெறும் உரை) என்று மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே விட்டுவிடுங்கள். ‘இவை வெறும் பைட்டுகள், இன்னதென்று எனக்குத் தெரியாது’ என்று சர்வர் ஒப்புக்கொள்வதுதான் ஆக்டெட்-ஸ்ட்ரீம். உலாவி அதைத் திறக்க முயலாமல் சேமித்துக்கொள்ளக் கொடுத்துவிடும். டெக்ஸ்ட்/பிளெய்ன் என்பது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பொய். அந்த வரியையே நீக்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். வரி இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் தானாக எடுத்துக்கொள்வது டெக்ஸ்ட்/பிளெய்னைத்தான்.

கேள்வி: பொய் என்றால், இன்னொரு சர்வர் மென்பொருளான அப்பாச்சி ஏன் டெக்ஸ்ட்/பிளெய்னையே நெடுங்காலம் டிஃபால்ட்டாக வைத்திருந்தது?

பதில்: ‘ரீட்மீ’ போன்ற பின்னொட்டு இல்லாத கோப்புகள் பெரும்பாலும் உரையாகவே இருந்த காலத்தின் வழக்கம் அது. பிறகு புதிய சுருக்கக் கோப்புகளும் வீடியோக்களும் வந்தன. பட்டியலில் இல்லாதவை எல்லாம் உரை என்ற முத்திரையோடு போய், திரை முழுக்கக் குப்பையாகக் கொட்டின. உலாவிகள் சர்வரை நம்புவதை விட்டுவிட்டு, கோப்பின் முதல் சில பைட்டுகளைத் தாங்களே பார்க்கத் தொடங்கின. உலாவிகள் வகையை ஊகிப்பதற்கான விதிமுறை ஆவணத்தில் ‘அப்பாச்சி பிழையைச் சோதி’ என்று பெயரிட்ட ஒரு குறி இன்றும் இருக்கிறது. 2012இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பில், டிஃபால்ட் வகையை அமைக்கும் ‘டிஃபால்ட்டைப்’ கட்டளையின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது ‘நன்’ (எதுவுமில்லை) என்பதைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் எச்சரிக்கை மட்டுமே வரும்.

கேள்வி: டிஃபால்ட்டை ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று வைத்தால்?

பதில்: வேண்டவே வேண்டாம். யாரோ பதிவேற்றிய கோப்புக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் உங்கள் தளத்தின் பெயரிலேயே ஓடும்.

கேள்வி: வரைபடத் தளம் ஒன்று நடத்துகிறேன். வரைபடத் தரவு வைக்கும் ஜியோஜேசன் கோப்புகளுக்காக, என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தத் தளத்துக்கான பகுதியான சர்வர் பிளாக்கில், பின்னொட்டுக்கு வகை சொல்லும் ‘டைப்ஸ்’ வரி ஒன்றே ஒன்று சேர்த்தேன். அதன் பிறகு முகப்புப் பக்கத்தைத் திறந்தால் அது கோப்பாக இறங்குகிறது. நான் எச்டிஎம்எல் பக்கம் கையே வைக்கவில்லையே?

பதில்: நானும் ஒரு நள்ளிரவில் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். என்ஜின்எக்ஸில் உள் அடுக்கில் எழுதும் ‘டைப்ஸ்’, மேல் அடுக்கின் பட்டியலோடு சேராது. அதை முழுவதுமாக மறைத்துவிடும். உங்கள் சர்வருக்கு இப்போது தெரிந்த ஒரே வகை ஜியோஜேசன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படம் எல்லாமே அதற்கு அந்நியம், எனவே ஆக்டெட்-ஸ்ட்ரீம். அந்த வரியை மேல் அடுக்கான எச்டிடிபி பிளாக்கில், வழக்கமான வகைப் பட்டியல் உள்ள ‘மைம்.டைப்ஸ்’ கோப்பைச் சேர்க்கும் வரிக்கு அடுத்ததாக வையுங்கள். ஒரே அடுக்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். வகையின் பெயர் ‘அப்ளிகேஷன்/ஜியோ+ஜேசன்’. மாற்றிய பின் உலாவியை நம்பாதீர்கள், அது பழையதைச் சேமித்து வைத்திருக்கலாம். முனையத்தில் ‘கர்ல்’ கட்டளையோடு ‘-I’ (பெரிய ஐ) சேர்த்து, கோப்புக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தகவல் வரிகளான தலைப்புகளை மட்டும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தளத்தின் தமிழ் உரைக் கோப்புகள் சில உலாவிகளில் உருக்குலைந்து தெரிகின்றன. யுடிஎஃப்-8இல்தான் சேமித்திருக்கிறோம்.

பதில்: வகை சரி, எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். யுடிஎஃப்-8இல் ‘அ’ 3 பைட்டுகள். உலாவி அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எடுத்துக்கொண்டால் 3 தனித்தனிக் குறிகளாகச் சிதறும். எச்டிஎம்எல் என்றால் மெட்டா வரியில் சொல்லிவிடலாம். வெறும் உரைக் கோப்பில் அதற்கு இடமில்லை. என்ஜின்எக்ஸில் ‘சார்செட் யுடிஎஃப்-8’, அப்பாச்சியில் ‘ஆட்டிஃபால்ட்சார்செட் யுடிஎஃப்-8’ என்று கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் செய்த பழைய பக்கங்கள் உங்கள் சேமிப்பில் இருந்தால் அந்த அடைவுக்கு மட்டும் இதை அணைத்துவிடுங்கள். சர்வர் சொல்லும் குறியாக்கம் பக்கத்தின் மெட்டா வரியை வென்றுவிடும். இதுவரை எப்படியோ தெரிந்துகொண்டிருந்த பக்கங்களும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கேள்வி: உலாவி வகையை ஊகிக்கக் கூடாது என்று சொல்லும் ‘நோஸ்னிஃப்’ தலைப்பைச் சேர்க்கலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் வகைகளைச் சரிசெய்த பிறகு. உலாவியின் ஊகத்தை அது தடுத்துவிடுவதால், அதுவரை தவறான வகையோடு ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்கள் நின்றுபோகும். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களுக்கான எம்ஜேஎஸ் கோப்புகளையும் பாருங்கள். பழைய வகைப் பட்டியல்களில் அவை இல்லை. மாட்யூல் ஸ்கிரிப்டுக்கு நோஸ்னிஃப் இல்லாவிட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் வகை கட்டாயம். 2022 முதல் தரநிலை பரிந்துரைப்பது ‘டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்’.

கேள்வி: பதிவேற்ற அடைவில் ‘ஃபோட்டோ.பிஎச்பி.ஜேபிஜி’ என்று ஒரு கோப்பு கிடக்கிறது. கடைசியில் ஜேபிஜி தானே, பயமில்லையே?

பதில்: பிஎச்பி என்பது சர்வரிலேயே ஓடும் நிரல். அப்பாச்சியில் ‘ஆட்ஹேண்ட்லர்’ கட்டளை கொண்டு அதை இணைத்திருந்தால் பயம் உண்டு. அந்தக் கட்டளை பெயரின் நடுவில் உள்ள பின்னொட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கோப்பை இயக்கிவிடும். அதை எடுத்துவிட்டு, பெயர் பிஎச்பியில் முடிந்தால் மட்டும் பொருந்தும் ‘ஃபைல்ஸ்மேட்ச்’ விதிக்குள் ‘செட்ஹேண்ட்லர்’ வையுங்கள். இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். உலாவியில் அல்ல, எடிட்டரில்.