கவுன்ட் (வெள்ளணு எண்ணிக்கை) இறங்கிய நாட்களில் ரத்தத்தில் கிருமி: கேள்வி பதில்

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரத்தப் புற்றுநோய் வார்டிலிருந்து வரும் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பாட்டில்களோடுதான் என் நாள் போகிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மகள்): அப்பாவுக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து 12-ஆம் நாள் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிளெப்சியெல்லா, மருந்து எதுவும் கேட்கவில்லை என்றார்கள். நான்கே நாளில் போய்விட்டார். நான் மட்டும்தான் அறைக்குள் போய் வந்தேன், சாப்பாடும் நான்தான் கொடுத்தேன். என்னால் வந்ததா மேடம்?

பதில்: இல்லையம்மா. பெரும்பாலும் இந்தக் கிருமி நோயாளியின் குடலில் ஏற்கெனவே இருப்பதுதான். கிளெப்சியெல்லா, இ.கோலி எல்லாம் நம்மில் பலர் வயிற்றில் தொந்தரவில்லாமல் குடியிருப்பவை. கீமோ புற்றுநோய்ச் செல்லை அழிக்கும்போது குடலின் உள்சுவரையும் புண்ணாக்கிவிடுகிறது. வாயில் நீங்கள் பார்த்த புண்ணைப் போலவே உள்ளே நெடுகப் புண். அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்குகிறது. மற்ற நேரமாக இருந்தால் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் அங்கேயே பிடித்துத் தின்றுவிடும். ஏ.எம்.எல். கீமோவுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் அவை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே கிடக்கும், சிலருக்குப் பூஜ்யம்தான். 12-ஆம் நாள் அந்தப் பள்ளத்தின் நடுவில் வருகிறது.

அடங்காத வகை எப்படி வந்தது என்பது வேறு விஷயம். முன்பு சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகள் சாதாரணக் கிருமிகளை அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் விட்டிருக்கும். தண்ணீர், உணவு வழியாக வந்திருக்கலாம். வார்டில் ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்குக் கை வழியாகவும் வந்திருக்கலாம். நீங்கள் ஊட்டிய சோற்றின் மேல் அந்தப் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): "மருந்து எதுவும் கேட்கவில்லை" என்றால் உண்மையிலேயே ஒன்றுமே இல்லையா?

பதில்: கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளுக்கும் 'ஆர்' வந்துவிட்டால் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். அதில் ஒன்று கொலிஸ்டின். 1950களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னாளில் ஒதுக்கி வைத்த மருந்து. வேறு வழியில்லாமல் அதையே திரும்ப எடுத்தோம்.

இன்னொரு வழி, செஃப்டாசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனமையும் சேர்த்துக் கொடுப்பது. நம் நாட்டுக் கிளெப்சியெல்லாவில் அடிக்கடி காணும் என்.டி.எம். என்ற நொதி, கார்பபெனத்தையெல்லாம் உடைத்துவிடும். அஸ்ட்ரியோனமை மட்டும் உடைக்கத் தெரியாது. ஆனால் அதே கிருமியிடம் அஸ்ட்ரியோனமை உடைக்கும் வேறு நொதிகளும் இருக்கும். அவற்றை அவிபாக்டம் கட்டிப்போடும். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால்தான் பலன். விலை அதிகம், எல்லா ஊரிலும் உடனே கிடைப்பதும் இல்லை. அது கிடைத்தும் இழந்தவர்கள் உண்டு. கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி வெள்ளணு இல்லாத ரத்தத்தில் இறங்கினால் ஏறக்குறைய பாதிப்பேரை இழப்பதாகவே பல மருத்துவமனைகளின் கணக்கு சொல்கிறது.

கேள்வி (விழுப்புரம்): என் தம்பி கீமோ முடிந்து வீட்டில் இருக்கிறான். ராத்திரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் கூட்டிப் போகலாமா?

பதில்: கூடாது. வாயில் வைத்துப் பார்த்த வெப்பமானி ஒரு முறை 101-ஐத் தொட்டாலோ, 100.4-இல் ஒரு மணி நேரம் நின்றாலோ, அந்த நேரமே கிளம்புங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர, கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டுதான் இருக்கும். கேசுவாலிட்டியில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ நோயாளி, கவுன்ட் குறைவு, காய்ச்சல்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும், உள்ளே ரத்தம் கட்டும்.

ஏ.எல்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் பலர் ஸ்டீராய்டில் இருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். குளிர் நடுக்கம், பிரஷர் இறங்குதல், திடீர் அசதி, உளறல் எது வந்தாலும் அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் (ரத்தக்குழாய்க்குள் பொருத்தி வைத்திருக்கும் மருந்துக் குழாய்) மருந்து ஏற்றிய சற்று நேரத்தில் உடம்பு உதறினால் லைனிலேயே கிருமி இருக்கலாம்.

கேள்வி (திருச்சி): ரத்தமே இல்லை என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள். அப்புறம் கல்ச்சருக்கென்று கையிலும் லைனிலும் இரண்டு இடத்தில் அவ்வளவு எடுக்கிறார்களே?

பதில்: உங்கள் மனம் பதறுவது புரிகிறது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். ரத்தத்தில் கிருமி எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்கலாம். ஒரு மில்லிக்கு ஒன்றுகூட இல்லாமல் போகும். இரண்டு மில்லி மட்டும் எடுத்தால் அந்தக் கிருமி கையில் சிக்காது. பாவம் பார்த்துக் குறைவாக ஊற்றிய பாட்டில்கள் எங்களிடம் வரும். "வளரவில்லை" என்று ரிப்போர்ட் எழுதும்போது அதை என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

இரண்டு இடம் ஏனென்றால், லைனில் எடுத்த பாட்டில் கையில் எடுத்ததைவிட இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ முந்திக்கொண்டு வளர்ந்தால், கிருமி லைனில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியும். லைனை எடுப்பதா காப்பாற்றுவதா என்பது இதை வைத்துத்தான். ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன் ரத்தம் எடுக்கக் கேளுங்கள். ஆனால் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கவும் கூடாது.

கேள்வி (கோவை): கவுன்ட் இன்னும் ஏறவில்லை. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே பெரிய ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள். செலவைக் குறைக்கிறார்களா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள், அது நல்ல மருத்துவம். முன்பெல்லாம் கவுன்ட் ஏறும்வரை தொடர்வதுதான் வழக்கம். ஸ்பெயினில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, கல்ச்சரில் காரணம் எதுவும் பிடிபடாத நோயாளிகளுக்குக் காய்ச்சல் விட்டு 72 மணி நேரம் நன்றாக இருந்தால், கவுன்ட் ஏறாவிட்டாலும் நிறுத்தலாம் என்று காட்டியது. தேவைக்கு மேல் ஓடும் ஒவ்வொரு நாளும் குடலில் எதிர்ப்புள்ள கிருமிக்கு இடம் கூடும். ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தால் கணக்கு வேறு.

கேள்வி (நர்சிங் ஊழியர், சென்னை): எங்கள் வார்டில் ராத்திரி ஆள் குறைவு. எதைக் கட்டாயம் விடக் கூடாது?

பதில்: லைனின் முனையைத் தொடும் முன் கைக்கு ஆல்கஹால், முனையை அழுத்தித் தேய்த்து, காய விட்டுத் திறப்பது. இது இரண்டும்தான் சிஸ்டர், எந்த அவசரத்திலும். இன்னொன்று, கை கழுவும் சிங்க். அதன் கழிவுக் குழாய்க்குள் சூடோமோனாஸ் என்ற கிருமியும் கார்பபெனத்துக்கு அடங்காத கிருமிகளும் மாதக்கணக்கில் வாழும். மிச்ச குளுக்கோஸ், பால், ஆன்டிபயாடிக் எதையும் அதில் ஊற்றாதீர்கள். மருந்துத் தட்டையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், தண்ணீர் தெறிக்கும்.

கேள்வி (பார்மசி மாணவர்): இதைத் தடுக்க நம் நாட்டில் ஏதாவது நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் கண்டுபிடித்த நொதிக்குத்தான் என்.டி.எம். என்று பெயர் வைத்தார்கள். அந்த நொதியைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன. அது அச்சானது ஒரு புற்றுநோய் இதழில் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் அடிபடுவது அந்த வார்டுதானே. 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது: கார்பபெனம் போன்றவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2019-இல் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தார்கள். நாளை கடையில் நிற்கப்போவது நீங்கள். அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள்.

கேள்வி (சேலம்): என் மனைவிக்குப் போன முறை இதே கிளெப்சியெல்லா வந்து பிழைத்தாள். அடுத்த மாதம் எலும்பு மஜ்ஜை மாற்று. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களா?

பதில்: அந்தக் காரணத்துக்காக மட்டும் மறுப்பதில்லை. சேரும்போது மலக்குடல் ஸ்வாப் எடுத்து, கிருமி இன்னும் குடலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தனி அறை. அதற்காகவே மருந்து கொடுக்க மாட்டார்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் முதல் மருந்தே அந்தக் கிருமியை மனதில் வைத்துத் தொடங்க முடியும், கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு நாள் மிச்சமாகும். வேறு மருத்துவமனையில் நடக்கப்போகிறது என்றால் அவர்களிடம் அந்தப் பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருக்காது. இப்போதே தேடி எடுத்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, சேரும் அன்றே மருத்துவரிடம் கொடுங்கள்.