யங்கின் கணக்குப் புத்தகம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், நியூபெர்க் ஊரில் இருக்கிறோம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் இந்தப் பகுதியின் முன்னோடி யூயிங் யங் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். ‘ஆரிகனில் அரசாங்கம் உருவாகக் காரணமான மாமனிதர்’ என்று முதல் வரி எழுதிக் கொடுத்தேன். அப்புறம் படித்தால், குதிரைத் திருடர் என்று பழி சுமந்தவர், சாராயம் காய்ச்சப் பார்த்தவர் என்கிறார்கள். இவரைக் கொண்டாடலாமா? அந்தக் காலத்துக் கண்ணோடுதானே பார்க்கவேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

பிள்ளையின் கட்டுரைக்கு நீங்கள் ஏன் வரி எழுதுகிறீர்கள்? அதிலும் ‘மாமனிதர்’! அந்த வயதுப் பையன் தானாக எழுதுகிற சொல்லா அது? நம் ஊர் இரங்கல் கூட்ட வாடை அடிக்கிறது.

குதிரை விஷயம் பெரிதல்ல. கலிபோர்னியா ஆளுநர் 1834இல் எழுதிய கடிதத்தால் வந்த பழி, பின்னால் நீங்கிவிட்டது. சாராயம் காய்ச்ச அண்டா வாங்கியது உண்மை. மிஷனரிகள் வேண்டாம் என்று கெஞ்சி, செலவான பணத்தைத் தருகிறோம் என்றார்கள். காசு வாங்காமலே விட்டுவிட்டார். போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. வாரிசில்லாமல் செத்தவர்களின் உடைமைகள் என்னவாகின்றன என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் யங் அப்படிச் செத்தவர்.

1841 பிப்ரவரியில் இறந்தார். உயிலும் இல்லை, தெரிந்த வாரிசும் இல்லை. மாடுகள் இருந்தன, கொடுக்கல் வாங்கல் எழுதிய கணக்குப் புத்தகம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பலர் அவரிடம் கடன்பட்டவர்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உரிமை கொண்டாடிய பூமி, அங்கே குடியேறியவர்களுக்கென்று சிவில் நீதிமன்றம் கிடையாது. அடக்கம் முடிந்த கையோடு கூட்டம் போட்டு, ஐரா பாப்காக் என்ற மிஷன் டாக்டரை நீதிபதியாக உட்காரவைத்து, நியூயார்க் மாநிலச் சட்டப்படி சொத்தைத் தீர்த்துவையுங்கள் என்றார்கள். அரசாங்கத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான். இதில் யங் செய்த தொண்டு, செத்துப்போனது மட்டும்!

உயிரோடு இருந்தபோது செய்ததும் உண்டு. அங்கே மாடு வைத்திருந்த பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியான ஹட்சன் பே கம்பெனி, மாடுகளை இரவலாகத்தான் கொடுக்கும், விற்காது. 1837இல் யங் தலைமையில் கலிபோர்னியா போய்ச் சுமார் 800 மாடு வாங்கி, மலையும் ஆறும் தாண்டி 630 போல ஓட்டிவந்தார்கள். மாடு பெருகியதும் ஓநாய் வந்தது. ஓநாயை ஒழிக்க 1843இல் கூடியவர்கள்தான், அந்த மே மாதம் ஷாம்போயெக் என்ற ஊரில் இடைக்கால அரசுக்கு வாக்களித்தார்கள்.

ஆனால் நான் அந்தக் கணக்குப் புத்தகத்தை விட்டு நகரமாட்டேன். யோசித்துப் பாருங்கள், அந்தச் சமூகத்தில் எத்தனை பேர் யங்குக்குக் கடன்காரர்கள்! புத்தகத்தை அடுப்பில் போட்டிருந்தால் கேட்க நாதியில்லை.

எங்கள் தெருவில் ஓர் இஸ்திரிக்காரர் இருந்தார். ஊர் பேர் யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய காலண்டர் தாள்களை மடித்துத் தைத்த நோட்டில், வீட்டுக்கு ஒரு பக்கமாக, சட்டைக்கு ஒரு கோடு, புடவைக்கு ஒரு சுழி என்று பாக்கியைக் குறித்துவைப்பார். அவர் இறந்த அன்று பொழுது சாய்வதற்குள் நோட்டைக் காணோம். பித்தளைப் பெட்டிகூட மறுநாள்தான் காணாமல் போனது. எடுத்தவர்கள் கௌரவமான குடும்பங்கள். காரியத்துக்கு மாலையும் வாங்கிவந்தார்கள்.

யங் வாழ்ந்த வில்லாமெட் பள்ளத்தாக்கில் அப்படி நடக்கவில்லை. பொருள்களை ஏலம் விட்டார்கள். மிஞ்சிய பணத்தில் ஆரிகன் சிட்டியில் அரசாங்கம் சிறைச்சாலை கட்டியது. வாரிசு வந்தால் திருப்பித் தருவோம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. சிறை 1846இல் எரிந்துபோயிற்று. வாக்கு எரியவில்லை. 1850களின் நடுவில் நியூ மெக்ஸிகோவின் தாவோஸில் பிறந்த வாக்கீன் யங், நான்தான் மகன் என்று வந்து நின்றான். நிரூபித்தான், பணம் கொடுத்தார்கள். கொண்டாடுவதென்றால் இதைக் கொண்டாடுங்கள். சிலையென்று வந்தால், கடனை ஒப்புக்கொண்ட பேர் தெரியாத அண்டைவீட்டுக்காரனுக்கு வையுங்கள்.

‘அந்தக் காலத்துக் கண்’ என்கிறீர்களே, யாருடைய கண்? அந்த நிலம் கலபூயா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1830களின் தொடக்கத்தில் மலேரியா அவர்களில் பெரும்பாலோரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்த மாடு ஓட்டிய பயணத்தில், கூடாரத்துக்கு வந்த பூர்வகுடி ஒருவரை யங்கின் கூட்டத்தார் சுட்டுக் கொன்றார்கள். இடைக்கால அரசு 1844இல் போட்ட இன்னொரு சட்டம், கறுப்பர்கள் இங்கே தங்கக் கூடாது, தங்கினால் சவுக்கடி என்றது. அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது, இருந்தாலும் போட்டது போட்டதுதான். செத்தவனின் மகனுக்கு ஒழுங்காக எண்ணிக் கொடுத்தவர்கள், காலடியில் இருந்த மண் யாருடையது என்று ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ஒரே கை எழுதிய கணக்கு. எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வருகிறது.

பையனை யங்கின் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். 1846இல் விதை போட்டு வளர்த்த ஓக் மரம் அங்கே உண்டு. அப்படியே கிராண்ட் ரோண்டுக்கும் போங்கள். கலபூயா சந்ததியினர் உள்ள பழங்குடிக் கூட்டமைப்பு அங்கே சச்சாலு என்று ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது. திறந்திருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.