சுளகில் வைத்த போன்: தவக்காலத்துக்கு முன் வந்த கேள்விகளும் பதில்களும்

வன்னியில் 35 வருசத்துக்கு மேலாகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். முழங்காவில் பக்கத்துக் கோயில் பங்கொன்றில் தொடங்கினேன். இடப்பெயர்வில் தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று ஓடினோம். செட்டிக்குளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழேயும் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தேன். இன்றைக்கும் ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளோடுதான் நிற்கிறேன். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கிட்டடியில் வருகிறது. போன், டியூசன், கடன், கொண்டாட்டம் என்று ஓடுகிற இந்தக் காலத்தில் வேதத்தில் எப்படி நிலைத்து நிற்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு தாய், தருமபுரம்: டீச்சர், இரவுச் செபத்துக்கு இருந்தால் 15 வயது மகனுக்கு ஒரு கையில செபமாலை, மற்றக் கையில போன். பேசினால் எழும்பிப் போயிடுறான். என்ன செய்யிறது?

அம்மா, கோபிக்காதேங்கோ, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த நேரம் உங்கட போன் எங்கே இருக்கிறது? செபத்துக்காக நான் பல வீடுகளுக்குப் போகிறவள். பிள்ளையின் போன் கையில், தாயின் போன் மடியில், தகப்பனின் போன் சேட்டுப் பொக்கற்றில். கனடாவில் இருந்து அண்ணா எடுத்தால், தாய் செபமாலையின் இரண்டாவது பத்து மணியில் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவா. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அந்தப் பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு விளக்கு எரிப்போம். பிள்ளைகள் படிக்க அந்த வெளிச்சம் வேண்டும் என்பதால் செபத்துக்கு விளக்கை நூர்த்துவிடுவோம். இருட்டில் ஆளின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். கடைசி மகளின் 'அருள் நிறைந்த மரியே' பாதியில் தேய்ந்தால் நித்திரையாகிறாள் என்று அர்த்தம். தகப்பன் கையை நீட்டி முதுகைத் தடவுவார், குரல் திரும்ப எழும்பும். அந்தக் காலம் திரும்ப வேண்டாம், ஷெல் சத்தம் சேர்ந்த இருட்டு அது. ஆனால் அந்த இருபது நிமிசமும் வீட்டில் எல்லாருடைய காதும் ஒரே இடத்தில் இருந்தது.

இப்போது செய்யக்கூடியது இதுதான். ஒரு சுளகை எடுத்துத் திருஇருதயப் படத்துக்குக் கீழே வையுங்கோ. ஏழு மணிக்கு முதலில் அப்பாவின் போன், பிறகு உங்கடது, கடைசியில் மகனுடையது. சத்தத்தை நிற்பாட்டி, குப்புற வைக்க வேண்டும். தொடக்கத்தில் முழுச் செபமாலை வேண்டாம், ஒரு பத்து மணி காணும். ஐந்து நிமிசத்துக்குள் முடிந்துவிடும். அதை மகனே தொடக்கி நடத்தட்டும். நடத்துகிறவனுக்கு மற்றப் பக்கம் பார்க்க நேரம் இருக்காது. கனடாவுக்கும் சொல்லி வையுங்கோ. இங்கே இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. அண்ணா தேத்தண்ணி குடித்துவிட்டு எடுக்கலாம்.

ஒரு இளைஞன், கிளிநொச்சி: டிக்ரொக் பாக்கிறது பாவமோ? ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்தில சொல்லோணுமோ?

தம்பி, பார்ப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்கிறாய், அதற்காக எதை விடுகிறாய் என்று பார். பெண்பிள்ளைகளைக் கேவலப்படுத்துகிற வீடியோவுக்கு லைக் போடுகிறாய் என்றால், ஓம், அதைக் குருவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மா கிணற்றடியில் தனியத் தண்ணி அள்ள, நீ திண்ணையில் இருந்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தாய் என்றால், போனைச் சொல்லாதே. அம்மாவுக்கு உதவாமல் இருந்தேன் என்று சொல். பிழை அங்கேதான் இருக்கிறது.

கார்லோ அகுதிஸ் என்ற பெடியனை அறிந்து வைத்திரு. 1991இல் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்தவன். கொம்பியூட்டரில் கெட்டிக்காரன். நற்கருணை அற்புதங்களைத் திரட்டி ஓர் இணையத்தளம் செய்தான். வீடியோ கேம் அவனுக்கும் விருப்பம், ஆனால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று தானே எல்லை போட்டிருந்தான். 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறக்கும்போது வயது 15. 2025 செப்ரெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் 14ஆம் லியோ அவனைப் புனிதனாக்கினார். கையில் மவுஸ் பிடித்த பெடியனைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. அந்தக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கு இந்தத் தவக்காலத்தில் உனக்கும் பொருந்துமா என்று பார்.

ஒரு மாணவி, முல்லைத்தீவு: பூசை நேரத்தில போனில வேதாகமம் பாக்கலாமோ?

வாசிக்கலாம், பிழை இல்லை. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மெசேஜ் விழும், கண் அங்கே ஓடும். புத்தகத்தைக் கொண்டு போ பிள்ளை. இன்னொருவர் யூரியூப்பில் பூசை பார்த்தால் காணாதோ என்று கேட்டிருந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். நடக்கக்கூடிய ஆள் நடந்துதான் வர வேண்டும்.

ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு: மகள் இந்த வருசம் ஓஎல் சோதனை. கணித டியூசன் ஞாயிறு காலையில. பூசையும் போச்சு, மறைக்கல்வியும் போச்சு. படிப்பைக் கெடுக்கவும் ஏலாது.

உங்கட தவிப்பு எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் பறிகொடுத்த சனம் நாங்கள், பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மிச்சம். அதனால் டியூசனை நிற்பாட்டுங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. சனி மாலைப் பூசை ஞாயிறு பூசைக் கடமையை நிறைவேற்றும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உங்கட பங்கில் சனி மாலைப் பூசை இல்லை என்றால் பக்கத்துப் பங்கில் விசாரியுங்கோ. எங்கட குருமார் ஒருவரே மூன்று நான்கு கோயில் பார்க்கிறார்கள். எங்கே எப்போது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டியது எங்கட வேலை.

இரண்டாவது, டியூசன் மாஸ்ரரோடு கதையுங்கோ. தனியப் போகாதேங்கோ. எங்கட பக்கம் நாலு பெற்றோர் சேர்ந்து போய், "சேர், வகுப்பைப் பத்தரைக்குத் தொடங்க ஏலுமோ" என்று கேட்டார்கள். அவர் சைவக்காரர். "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டு அடுத்த கிழமையே மாற்றினார். எங்களுக்கு எது முக்கியம் என்று நாங்கள் வாய் திறக்காவிட்டால் அடுத்த ஆள் எப்படி அறிவார்?

இரண்டுக்கும் வழியில்லாத ஞாயிறும் வரும். அன்றைக்கு வீட்டில் நற்செய்தி வாசித்து, எல்லாரும் அதைப் பற்றிக் கதையுங்கோ. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். யோசப் வாஸ் அடிகள் என்ற கோவாக் குரு மாறுவேசத்தில் இலங்கைக்கு வந்தது 1687இல். இடையில் 29 வருசம். அவர் வந்தபோது செபமாலை சொல்லத் தெரிந்த சனம் இங்கே இருந்தது. வீடுகளில்தான் அது உயிரோடு கிடந்தது. பூசை கிடைக்கிற இடத்தில் அதைத் தட்டிக்கழிக்க இதைச் சாட்டாகப் பிடிக்க வேண்டாம்.

ஒரு அக்கா, ஒட்டுசுட்டான்: மகளின்ர சாமத்திய வீட்டைச் சின்னனாச் செய்தால் சனம் கதைக்கும். பெரிசாச் செய்யக் காசில்லை. குழுக்கடன் எடுக்கலாமெண்டு யோசிக்கிறன்.

எடுக்காதேங்கோ. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கேட்டு மோட்டச்சைக்கிள் படலையடியில் நிற்கும்போது, கதைத்த சனத்தில் ஒருவரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அந்தக் கடனால் ஒளித்துத் திரிந்த பெண்களை நான் அறிவேன். பூசைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள், சேர்ந்து கடன் எடுத்தவள் கோயிலில் நிற்பாளே என்ற வெட்கத்தில். கடன் ஒரு ஆளைக் கோயிலில் இருந்தும் பிரித்துவிடும்.

பிள்ளைக்கு நல்ல சட்டை ஒன்று தையுங்கோ. பூசை ஒன்று ஒப்புக்கொடுத்து, பெரியம்மா, மாமிமாரைக் கூப்பிட்டு வீட்டில் சமைத்துப் போடுங்கோ. ட்ரோன் கமெராவும் டிஜேயும் இல்லாததால் அவளுக்கு ஒரு குறையும் வராது. அவள் ஆசைப்பட்டால் ஒளிக்காமல் வீட்டுக் கணக்கை அவளுக்குக் காட்டுங்கோ. பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

ஒரு இளையோர் ஒன்றியத் தலைவர், வவுனியா: மடுத் திருவிழா இப்ப பிக்னிக் மாதிரி. செல்பி, பாட்டு, சாப்பாடு. பெடியளை எப்படித் திருத்துறது?

தம்பி, சமைத்துச் சாப்பிடுவதைத் திருத்த வேண்டாம். மடு மாதா கோயிலடியில், காட்டுக்குள் கொட்டில் போட்டு, அடுப்பு மூட்டி, பக்கத்துக் கொட்டிலுக்கும் ஒரு கிண்ணம் கறி கொடுத்து இருப்பது எங்கட ஆச்சிமார் காலத்துப் பழக்கம். அதுவும் பக்திதான்.

பெடியளுக்குத் தாங்கள் நிற்கிற இடம் எது என்று தெரியவில்லை, அதுதான் குறை. பஸ் மடு வீதியால் திரும்பும்போது பாட்டை நிற்பாட்டிவிட்டுக் கதையைச் சொல்லுங்கோ. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670 அளவில் மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன என்பது வழிவழியாக வந்த வரலாறு. அதே சொரூபம் 2008 ஏப்ரலில், சண்டை நெருங்கியபோது, மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. ஓகஸ்ரில் திரும்பியது. எங்களைப் போலவே மூட்டை கட்டிய தாய் அவ. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே கோயில் முற்றத்தில் எங்களோடு செபித்தார். உங்கட பெடியளில் பாதிப் பேர் 2008க்குப் பிறகு பிறந்தவர்கள், ஒருவரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்? சொல்லிவிட்டு, கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்க விடுங்கோ. நடந்து வந்தவன் படம் எடுத்தாலும் பரவாயில்லை. முதலில் முழங்காலில் இருப்பான்.

பெயர் எழுதாத ஒருவர்: 2009இல காணாமல் போன என்ர அண்ணாவை அம்மா இன்னும் தேடுறா. எனக்குச் செபம் வரேல்லை. இரவில நித்திரை வராமல் விடிய மூண்டு மணி மட்டும் வீடியோ பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்கு விசுவாசம் இல்லாமல் போட்டுதோ?

பிள்ளை, உன் கேள்வியை நான் இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

உன் விசுவாசம் போகவில்லை. போயிருந்தால் இதைக் கேட்டு எழுதியிருக்க மாட்டாய். நீ வீடியோ பார்ப்பது விளையாட்டுக்கு அல்ல, அமைதி வந்தால் அண்ணாவின் நினைவு வரும் என்பதால். அந்தப் போனைப் பறிக்க எனக்கு மனம் இல்லை. மூன்று மணியை ஒரு மணியாக்கப் பார்ப்போம். நித்திரையில்லாமல் மாதக்கணக்காகப் போகிறது என்றால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரையும் பார். செபமும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை.

செபம் வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தைத் திற. மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் எங்கேயாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அதுவும் இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கு எங்கட ஆச்சிமார் ஒப்பாரி வைத்து, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லுகிற பசான் படிப்பார்கள், யாரும் அவர்களை அழாதே என்று மறிக்கவில்லை. நீயும் அழு. கோபம் வந்தால் ஆண்டவரிடமே கேள், "என்ர அண்ணா எங்கே?" என்று. அதுவும் செபம்தான்.

உன் அம்மாவுக்கு ஒரு விசயம். அண்ணாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தால் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்து, பெயரைக் கொடுக்காமலே இருக்கிற தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நவம்பர் 2ஆம் திகதி, இறந்தவர்களின் நினைவு நாளில், எல்லாரும் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போக, இவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்தப் பயம் வேண்டாம். திருச்சபைச் சட்டம் 901ஆம் இலக்கத்தின்படி, உயிரோடு இருப்பவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். "என் மகனுக்காக" என்று பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அவன் எங்கே என்பதை எழுதத் தேவையில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணாவின் பிறந்தநாளுக்கு ஒரு பூசை எழுது. நீ பக்கத்தில் இரு, செபம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு சிறுமி, 9 வயது, மாங்குளம்: அப்பா பிரான்சில. நாங்கள் போனிலதான் அப்பாவோட செபம் சொல்லுறம். டீச்சர் போனைச் சுளகில வைக்கச் சொன்னதெண்டு அம்மம்மா சொன்னா. நாங்கள் செய்யிறது பிழையோ?

இல்லையடா குஞ்சு. உங்கட வீட்டில் அந்தப் போன் அப்பா இருக்கிற கதிரை. அதைச் சுளகில் வைக்க வேண்டாம், மாதா படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வை, அப்பாவுக்கு எல்லாருடைய முகமும் தெரியட்டும். நீ 'அருள் நிறைந்த மரியே' என்று முற்பகுதியைச் சொல். 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று அப்பா பிற்பகுதியைச் சொல்லட்டும். இடையில் லைன் வெட்டுப்பட்டால் பயப்படாதே, மிச்சத்தை நீ சொல்லி முடி. அப்பா அங்கே முடிப்பார்.