உப்பளத்தில் தேய்ந்த கைரேகை

கேள்வி: என் தந்தை தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 78. ஊர் திரும்பியபின் பல ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியதில் கைரேகை தேய்ந்துவிட்டது. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்காக நவம்பரில் இரண்டு பேருந்து மாறி ராமநாதபுரம் அழைத்துச் சென்றோம். பத்து விரலில் ஒன்றுகூடக் கருவியில் பதியவில்லை. அந்தச் சான்று இல்லாமல் ஓய்வூதியம் நின்றுவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, வாலிநோக்கம்

பதில்: ஓய்வூதியம் நின்றிருக்கிறதே தவிர, பறிபோகவில்லை, சான்று ஏற்கப்பட்டதும் நிலுவைத் தொகையும் சேர்ந்தே வரும். கைரேகைக்காக அவரை மறுபடி அலைக்கழிக்க வேண்டாம். 2021 முதல் முகத்தைக் காட்டியே சான்று அளிக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் உயிர்வாழ் சான்றுக்கான 'ஜீவன் பிரமாண்' என்ற அரசுச் செயலியையும் ஆதார் முக அடையாளச் செயலியையும் நிறுவி, காலை வெளிச்சத்தில் திண்ணையில் அவரை உட்கார வைத்துப் படமெடுங்கள். பலர் தவறுவது அதற்கடுத்த இடத்தில்தான்: ஓய்வூதியம், பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறையான 'ஸ்பர்ஷ்'-க்கு மாறியிருந்தால், வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரை அல்ல, ஸ்பர்ஷையே தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசி வசதி இல்லையென்றால் அஞ்சலகத்தில் சொல்லிவையுங்கள். அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் சேவை 2020 முதல் இருக்கிறது. அதுவும் கைகூடாவிட்டால், அதிகாரம் பெற்ற அலுவலரின் கையொப்பத்துடன் காகிதச் சான்றை ஸ்பர்ஷ் தளத்தில் பதிவேற்றலாம்.

இத்தனை வழிகள் இருந்தும் அவற்றை உங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆள் இல்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது. எல்லைக்கே சென்று நின்றவரை, தாம் உயிரோடிருப்பதைக் காட்ட 78 வயதில் பேருந்து மாறி வரச் சொல்வது நியாயமன்று. 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும், மாத மருந்துக்காகக் கடலோர முதியவர்கள் இதே பாடுதான் படுகிறார்கள். தொண்டி, மண்டபம், வாலிநோக்கம், சாயல்குடி ஆகிய ஊர்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு மருத்துவரும், மருந்துப் பெட்டியும், சான்று பதியத் தெரிந்த ஓர் ஊழியரும் ஒரே வண்டியில் வந்தால் பெரும்பாலான அலைச்சல் தீரும். இதைக் கேட்டு ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்களும் படைவீரர்களின் விதவையரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். தனி மனுவைவிட அதற்கு வலு அதிகம்.

இந்த வேலையோடு, பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தேவைப்படும் என்பதால், ஓய்வூதிய ஆணையில் உங்கள் தாயாரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். திருத்தம் இருந்தால், தந்தை கையெழுத்திட இருக்கும்போதே செய்துகொள்வது எளிது.